கிட்டங்கிச் சுவரில் மஞ்சள் கைகள்

போன ஆனியில், கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே பூட்டிக் கிடக்கும் ஒரு தேயிலைக் கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, போய்வந்தோம். வேடிக்கை பார்க்க அல்ல. என் தம்பி மனைவி செல்விக்கு வேலை போய்விட்டது. வேலையிழந்தவர்களுக்கான காப்பீட்டுத் தொகை அவளுக்கு உண்டா இல்லையா என்பது அந்த இடத்தைப் பொறுத்துத்தான் இருந்தது.

மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. கீழே கிட்டங்கியில் பொட்டலம் போட்டவர்களுக்கு உண்டு. முதலாளி ஒருவரே, தேயிலையும் ஒன்றே. மலையில் கவாத்துக் கத்தி பட்டுச் சுண்டு விரல் போனபின், செல்வி ஆறு வருஷம் கீழேதான் வேலை பார்த்தாள். கம்பெனியோ கடைசிவரை பதிவேட்டில் அவளை மலை ஆளாகவே காட்டியிருந்தது. "கீழே வேலை பார்த்ததை அந்த இடத்திலேயே காட்டுங்கள்" என்றார் காப்பீட்டு ஆய்வாளர்.

நெல்லையிலிருந்து காலை ஏழரைப் பேருந்து. முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஆட்டோக்காரர் வாய்க்கால் பாலத்திலேயே இறக்கிவிட்டார்.

"உள்ள வரமாட்டேன்க்கா. ஆளில்லாத கட்டடத்துல தேயிலை வாசம் அடிக்கி."

"வாசத்துக்குத் தனியாக் காசு கேக்காம விட்டியளே" என்றாள் செல்வி.

காவலாளி அண்ணாச்சி கதவைத் திறந்தார். தரையில் ஓர் இலைகூட இல்லை. வாசம் மட்டும் இருந்தது. கோடியில் ஓர் அம்மன் படம். அதைச் சுற்றிச் சுவர் முழுக்க மஞ்சள் கைகள். ஆயுத பூஜைதோறும் வேலைக்காரப் பெண்கள் மஞ்சளில் நனைத்துப் பதித்தவையாம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தள்ளுவதுபோல் விரல்கள் விரிந்திருந்தன. 'முருகா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அம்மனைப் பழைய மஞ்சளோடு விடலாமா? துடைத்துப் புதிதாக வைப்பதுதானே வழக்கம். துணியை நனைத்துக்கொண்டு போனேன்.

"மதினி, தொடாதிய! என் கை அங்கன இருக்கு!"

சுண்டு விரல் இல்லாத கை. செல்வி தன் கையை அதன்மேல் வைத்தாள். அப்படியே பொருந்தியது.

பதினோரு மணிக்கு வந்த ஆய்வாளர் அதைப் பார்த்து மறுப்பாகத் தலையாட்டினார். "ஒரு நாள் பூஜைக்கு வந்து வச்சிருக்கலாமேம்மா?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஒரு நாளா? நல்லாப் பாருங்க சார், அந்த விரல் இல்லாத கை ஆறு இருக்கு. இங்கன வேல பாக்காதவளை இந்தப் பொம்பளைங்க சுவரைத் தொட விடுவாவளா? தெனமும் இவளுக்குக் கதவு தொறந்தவன் நாந்தான். எழுதிக்கிடுங்க."

ஆய்வாளர் படமெடுத்தார், வாக்குமூலம் எழுதினார். போன வாரம் உத்தரவு வந்தது: செல்வி வேலை பார்த்த இடம் கிட்டங்கிதான், தொகை உண்டு.

மலை ஆளாக எழுதப்பட்டுக் கீழே உழைத்தவர்கள் இதைப் படித்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விடுங்கள். மேற்குச் சுவர் ஒழுகி, மஞ்சள் இறங்க ஆரம்பித்துவிட்டது. பகலில் போங்கள், துணைக்கு ஆள் வேண்டும். ஈரத் துணி மட்டும் எடுத்துப் போகாதீர்கள். உங்கள் கையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். செல்வி கையை எடுத்த பிறகும், மற்றவர்களின் கைகள் விரல் விரித்தபடி அங்கேயேதான் நிற்கின்றன.