பொம்மையன் லாரியின் எஞ்சின்

வத்தலக்குண்டு மலைப்பாதையில் உருண்ட அந்த லாரி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பள்ளத்தில் கிடந்தது. ஓட்டிய பொம்மையன் அங்கேயே இறந்துபோனான். டயரையும் பலகைகளையும் ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். எஞ்சினை மட்டும் யாரும் தொடவில்லை. ஆளை விழுங்கிய எஞ்சின் என்று திண்டுக்கல் பட்டறைகளில் பேச்சு. அறுபத்திரண்டாம் வருஷம் அது.

மெக்கானிக் கிதர் முகம்மது பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு நேரே நான் கணக்கெழுதிய வெங்காய மண்டிக்கு வந்தார். எங்கள் முதலாளி உடையப்பனின் லாரி, எஞ்சின் உடைந்து கொல்லையில் சும்மா நின்றிருந்தது. பொம்மையன் லாரி எஞ்சினை அதில் மாட்டலாம் என்றார் கிதர்.

"செத்தவன் எஞ்சினா பாய்? வேற கெடைக்கலையா?"

"இரும்புக்கு ராசி ஏது மொதலாளி? சுத்தமும் எண்ணெயுந்தான்."

முதலாளி வெற்றிலையைத் துப்பினார். "ஓட்டிக் காட்டும். ரோட்டோரத்து எடத்தைத் தாரேன். சொந்தமா பட்டறை போட்டுக்கிரும்."

கிதர் அதுவரை அடுத்தவர் பட்டறைகளிலேயே வேலை செய்தவர். பழுது பார்ப்பது அவர், பேர் பட்டறைக்காரருக்கு. முதலாளி சொன்னதைக் கேட்டதும் மாட்டுவண்டி பேசக் கிளம்பிவிட்டார். மறுநாள் எஞ்சின் வந்து இறங்கியது.

பிஸ்டன்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. கிதர் சுத்தியலை எடுக்கவில்லை. சிலிண்டர்களில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, தினமும் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டிப் பார்த்தார். ஒரு காலையில் முதல் பிஸ்டன் அசைந்து வெளியே வந்தது. அதைத் துணியில் ஏந்திக்கொண்டு போய் மனைவி சைதூனிடம் காட்டினார்.

"பெத்த புள்ளைகள ஒரு நாளாச்சும் இப்புடி ஏந்தியிருக்கீங்களா?" என்றாள் அவள். ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.

சிலிண்டருக்குள் புது லைனர் உறை, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டார். தண்டில் நீலச் சாயம் தடவிச் சுழற்றி, பேரிங்கில் சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டினார். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். லாரியில் மாட்டிய எஞ்சின் முதன்முதலாக உறுமிய அன்று, கறுப்புப் புகை நின்று காற்று தெளியும்வரை எட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் விதித்தது ஒரே நிபந்தனை: "புது லைனரும் ரிங்கும் ஒண்ணோடொண்ணு பழகணும். கொஞ்ச நாளைக்குப் பாதி லோடுதான், மெதுவாத்தான்." முதலாளி தலையாட்டினார்.

ஆனால் மண்டித் தெருவில் முதல் நடை நிறைந்துதான் போக வேண்டும். குறை லோடோடு கிளம்பும் வண்டி கடைசிவரை குறையாகவே ஓடும் என்பார்கள். அன்று தேங்காய் உடைத்தாயிற்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. மூட்டைகள் பாதி உயரத்தில் நின்றன.

சாக்குத் தைக்கும் மாயக்காள்தான் ஆரம்பித்தாள். "ஏன் பாய், ஒம்ம எஞ்சினு மாசமா இருக்கா? அரை வண்டிக்கு மேல சொமக்காதோ?"

தெருவே சிரித்தது. "பொம்மையனும் ஏறி வருவான்ல, அவனுக்கு எடம் விட்டுருக்காரு," என்றான் ஒரு சுமைக்காரன்.

முதலாளி கிதரைப் பார்த்தார், அவ்வளவுதான். கிதரின் காதுமடல் சிவந்துபோயிற்று.

"ஏத்துங்கடா," என்றார் கிதர். "முழுசா ஏத்துங்க."

மதுரைக்குக் கிதரே ஓட்டினார். பக்கத்தில் முதலாளியும் நானும். காந்திகிராமம் தாண்டியதும் கிதர் எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்தார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் மட்டும், பக்கத்து அறையில் குழந்தை முனகுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார்.

"செத்த நேரம் நிறுத்துவோமா மொதலாளி? ஆறட்டும்."

"முத நடையில நடுவழியில நிக்கிறதா? கொடைரோடு போயிருவோம் பாய்."

கிதர் நிறுத்தவில்லை. கொடைரோடு தெரிவதற்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். சக்கரங்கள் தார் ரோட்டில் இழுபட்டு வண்டி நின்றது. மூடியைத் திறந்ததும் கருகிய எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. பிஸ்டன்கள் மறுபடி இறுகிவிட்டிருந்தன. இந்த முறை துருவால் அல்ல, சூட்டால்.

புளியமரத்தடியில் முதலாளி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து கிதரின் தோளில் கை வைத்தார். "ஒம்ம மேல தப்பு இல்ல பாய். அம்புட்டுப் பாடுபட்டீரு. பொம்மையன் விடல. ராசி கெட்ட எஞ்சினு."

கிதர் வாயைத் திறந்தார். லோடுதான் காரணம் என்று சொன்னால், ஏற்றச் சொன்ன வாய் யாருடையது என்ற கேள்வி வரும். எஞ்சின் மூடியை இறக்கிச் சாத்தினார்.

"ஆமா மொதலாளி," என்றார். "ராசி இல்ல."

முதலாளி சொன்ன இடத்தைக் கொடுத்தார், பரிதாபப்பட்டு. பட்டறை நன்றாகவே நடந்தது. பழுது பார்த்த ஒவ்வொரு வண்டிக்கும் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கிதரே கோத்துக் கட்டிவிடுவார். பாய் பட்டறையில் வண்டி விட்டால் கண்ணேறு அண்டாது என்று பேர் பரவியது. அவர் கைத்திறனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த எஞ்சின் பத்து வருஷமாகப் பட்டறையின் பின்னால் கிடக்கிறது. யாராவது விலைக்குக் கேட்டால், "வேணாம் அப்பு, ராசி இல்லாதது," என்பார். மழைக்காலம் வந்தால் சாக்கைப் போட்டு மூடுவார். போன வாரமும் ஒவ்வொரு சிலிண்டராகத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

சோற்றுப் பாத்திரத்தோடு வந்த சைதூன் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராசி இல்லாததுக்கு எதுக்குங்க எண்ணெய்?"

கிதர் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சோத்துக்கு வெஞ்சனம் என்ன?" என்று கேட்டார்.