மக்களுக்கு இல்லாத வெடி

நாரணாபுரத்திலிருந்து செல்போனில் அழைப்பு வந்தது. "தங்கவேல் அண்ணாச்சி போயிட்டாருங்க" என்றார் அவருடைய கணக்கர். நான் உடனே கேட்டது, "எந்த ஷெட்டுல? வேற யாருக்கும் அடி பட்டிருக்கா?" நம் ஊர்க்காரர்கள் வேறு என்ன கேட்போம்? பட்டாசுக் கம்பெனி முதலாளி பட்டப்பகலில் திடீரென்று போய்விட்டார் என்றால் வெடிவிபத்து என்றுதானே புத்தி ஓடுகிறது. "ஷெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டு நாற்காலியில சாஞ்சவரு எந்திரிக்கல. நெஞ்சுவலியாம்" என்றார். ஒரு சத்தமும் இல்லாமலா? அண்ணாச்சியா? ஓடிப்போய் முகத்தைப் பார்த்த பிறகும் என்னால் நம்ப முடியவில்லை. முந்தின நாள் மாலைதான் போனில் என்னைக் கண்டபடி ஏசியிருந்தார்.

எதற்கு ஏசினார் என்பது அவரோடு தொழில் செய்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இந்த அஞ்சலியில் சொல்கிறேன். வடக்கே ஒரு மாநிலம், பெரிய சத்தம் போடும் வெடிகளை மக்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அணுகுண்டு வெடி செய்கிற நம்மைப் போன்றவர்களின் லோடு பாதி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. முதலாளிகள் எல்லாரும் அவசரமாகக் கூட்டம் போட்டோம். கோர்ட்டுக்குப் போவோம் என்றார்கள் சிலர். 'மெல்லொலி' என்று புது லேபிள் ஒட்டி அதே சரக்கை அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை வந்ததும் பலர் தலையாட்டினோம். அண்ணாச்சி எழுந்தார். "லேபிளைப் படிச்சுப் பாத்துட்டு, அதுக்கேத்தாப்புலயா வெடி வெடிக்கும்? சட்டம் தப்புன்னா கோர்ட்டுல போயி சத்தம் போடுங்க. பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சு சத்தம் போடாதீக" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் காதுபடவே சொன்னேன்.

சத்தம் குறைந்த குண்டு செய்து காட்டுகிறேன் என்று ஒருநாள் எங்களை அழைத்தார். கம்பெனிக்குப் பின்னால் இருந்த கரிசல் பொட்டலில் பற்ற வைத்தார். வெடித்தது பாருங்கள், வேலிக்கருவையில் இருந்த காக்கை அத்தனையும் பறந்துவிட்டது. பழைய குண்டைவிடப் பெரிய சத்தம்! மருந்தைக் குறைத்தவர், மருந்து குறைவாக இருக்கிறதே என்று சணலை இன்னும் இறுக்கிச் சுற்றியிருக்கிறார். இறுக்க இறுக்கத்தானே குண்டுக்குச் சத்தம்? இத்தனை காலம் தொழில் செய்த பழக்கதோஷம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். "சவத்தெழவு, இந்தக் கைக்கு மெல்லச் சுத்தவே தெரியலையேப்பா!" என்று அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாளே அந்த மாநிலத்துக்குக் குண்டு அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஆட்களைச் சத்தமில்லாத பூச்சட்டிக்கும் சக்கரத்துக்கும் மாற்றினார்.

அதற்கடுத்த வருடம்தான் வேடிக்கை. அந்த மாநில அரசே, தன் விழாவுக்கு அதே அணுகுண்டு வேண்டும் என்று கேட்டது. விசேஷ அனுமதி, பெரிய ஆர்டர். அங்கே நம் சரக்கை விற்றுத் தரும் ஏஜெண்ட் வாயெல்லாம் பல்லாக வந்தார். அண்ணாச்சி முடியாது என்றார். "ஊரான் பிள்ளை காதுக்கு ஆகாத சத்தம் மந்திரி காதுக்கு மட்டும் ஆகுமாக்கும்? மக்களுக்கு அனுமதி குடுக்கட்டும், மறுநாளே லோடு ஏத்துறேன். இல்லைன்னா அவுகளும் மத்தாப்பு கொளுத்தட்டும்."

அதோடு விடவில்லை. குண்டு செய்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடையாய் நடந்து, யாரும் அந்த ஆர்டரைத் தொடுவதில்லை என்று வாக்கு வாங்கினார். என்னிடம் வந்தபோது, "அண்ணாச்சி, வீறாப்பை உலையில போட்டா சோறு வேகுமா? அச்சங்குளத்துல என் வேனை நம்பி நிக்கிற பொம்பளையாளுகளுக்கு நீங்களா வேலை குடுப்பீக?" என்று கத்தினேன். "ஆமாலே, நான்தான் குடுப்பேன்" என்றார். சொன்னபடியே தன் பூச்சட்டி ஆர்டரில் பாதியை என் கம்பெனிக்குத் திருப்பிவிட்டார். அந்த சீசன் என்னிடம் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அவருக்குத்தான் அந்தத் தீபாவளி கையைக் கடித்தது.

இந்த வருடம் ஏஜெண்ட் மறுபடி வந்தார், நேராக என்னிடம். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "வாக்கை விடுங்க, இந்தத் தடவை செய்வோம்" என்றேன். அதற்குத்தான் அந்த ஏச்சு. கடைசியில் குரலைத் தணித்து, "நாளைக்கு சாயங்காலம் நேர்ல வா. உக்காந்து பேசுவோம்" என்றார். போனேன். அவரைப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஏஜெண்டும் மாலையோடு வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "இனிமே தடுக்க ஆளில்லை. எல்லாரும் உங்க முகத்தைத்தான் பாக்காக. ஆர்டரைப் போட்டுறட்டுமா?" என்று கிசுகிசுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்டதைவிட, "முடியாதுய்யா. மொதல்ல மக்களுக்கு அனுமதி குடுக்கச் சொல்லு" என்று என் வாயிலிருந்து வந்த பதில் என்னைத் திடுக்கிட வைத்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

அண்ணாச்சி இருந்திருந்தால் அன்று மாலை உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை சண்டை போட்டு, ஒருவேளை அவரைச் சம்மதிக்கவும் வைத்திருப்பேன். மனுஷன் பேச்சைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டாரே! அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சண்டையில் அவருடைய பக்கம்தான். அதைப் பேச இனி வேறு ஆள் இல்லாததால், நம் முதலாளிகளின் அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து பேசப்போகிறேன். பிழைக்கத் தெரியாதவன் என்று என் காதுபடவே சொல்லுங்கள்.