சாயம் கழுவிய கிட்டார்

அமெரிக்காவில் இருக்கும் தம்பி, லீவில் வந்தபோது விட்டுவிட்டுப் போன டிஜிட்டல் ஆம்பை, அதாவது கிட்டார் ஆம்ப்ளிஃபயரை, கம்ப்யூட்டரோடு இணைக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. பிரிண்டருக்குப் போடும் கேபிள்தான் இதற்கும் என்பதே மத்தியானம்தான் தெரிந்தது. சித்தூர் பஜாரில் கேட்டால், "ஏ பிரிண்டர் அண்ணா?" என்று, எந்தப் பிரிண்டருக்கு என்பதைத் தெலுங்கில் கேட்டார் கடைக்காரர். பிரிண்டர் இல்லை, ஆம்பு என்றதும் ஆட்டோ ஸ்பீக்கர் ஒயரை எடுத்து நீட்டினார். எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

எங்கள் சர்ச் சபையின் ஆண்டு விழாப் பாட்டுக்கு நான் வாசிக்க, தம்பி அங்கிருந்து மிக்ஸ் செய்வதாக ஏற்பாடு. "மொதல்ல எஃபெக்ட் எதுவும் இல்லாம வெறும் கிட்டார ரெக்கார்டு பண்ணுண்ணா. அதாண்ணா டிரை டிராக்கு. அப்புறம் அத கம்ப்யூட்டர்லேர்ந்து ஆம்புக்குள்ள திருப்பி வுட்டு, புடிச்ச சவுண்டு வெச்சிக்கினு மறுபடி ரெக்கார்டு பண்ணு. அதுக்குப் பேருதான் ரீஆம்பிங்" என்று போனில் சொல்லியிருந்தான்.

முதலில் வெளியே வந்த சத்தம் மறுபடி உள்ளே போய், ஆம்பு ஊளையிட்டது. தெருநாய் பதில் சொன்னது. செட்டிங்கை மாற்றி மாற்றி ஒருவழியாகச் சரிசெய்து, வாசித்து, திரும்பப் போட்டுக் கேட்டேன்.

தூ! மூன்றாவது கம்பி செத்துக் கிடந்தது. கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்டு ஒவ்வொன்றும் தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக ஞாயிறுதோறும் இதைத்தானா வாசித்தேன்? டிஸ்டார்ஷன் என்ற கரகர எஃபெக்டைப் போட்டு அமுக்கி வைத்திருந்ததில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும்தான்.

அதைவிட அசிங்கம் வேறொன்று. படிக்கிற காலத்தில் தம்பிக்கும் சபையில் வாசிக்க ஆசை. அவன் எஃபெக்ட் போடமாட்டான். சின்னத் தப்பும் பளிச்சென்று கேட்கும். "இன்னும் கொஞ்சம் பழகட்டும் ஐயா" என்று சபை மூப்பரிடம் சொல்லித் தடுத்தது நான்தான். அவன் திருப்பதியில் எம்.சி.ஏ. முடித்து, ஐதராபாத் போய், அப்படியே அமெரிக்காவும் போய்விட்டான். எங்கள் சபையில் ஒரு நாளும் வாசிக்கவில்லை.

அவன் இதைக் கேட்கக் கூடாது. டிரை டிராக்கை ம்யூட் செய்தேன். ஆம்பில் அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினைத் தாராளமாகத் திருகி ரீஆம்ப் செய்தேன். அசிங்கம் மறைந்தது. ஃபோல்டரை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். ம்யூட் செய்தாலும் டிராக் உள்ளேதான் இருக்கும் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

ஒரு வாரம் கழித்துப் பாட்டு வந்தது. கூடவே அவன் குரல்: "உன் டிரை டிராக்க நானே இங்க ரீஆம்ப் பண்ணிக்கினேன்ணா. சூப்பரா கீது."

கேட்டேன். கார்டு ஒவ்வொன்றும் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்றாவது கம்பி தெளிவாக ஒலித்தது. ரீஆம்ப் செய்தால் சத்தத்தின் சாயம்தான் மாறும். பிந்திய கை முந்தாது. எஃபெக்ட் இல்லாத அந்த வாசிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

விழாவில் பாட்டைப் போட்டார்கள். அதே மூப்பர் என்னை முன்னால் அழைத்துக் கையைக் குலுக்கி, "இத்தினி வருஷத்துல இதாம்பா உன் பெஸ்ட்டு" என்றார். சபையே கைதட்டியது.

வாய் கூசாமல், "ஸ்தோத்திரம் ஐயா" என்றேன்.