விசிறி சுற்றிய திசை

காரின் ரேடியேட்டர் விசிறி வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, குளிர்காற்றுக்கான ஏர்கானைப் போட வேண்டும். விசிறி சுற்றினால் சரி. சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும், பிறகு ரிலேயை, கடைசியில் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக வயர் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடைநிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் நான் பேசிய பேச்சால்தான் என் மனைவி கார் ஓட்டுவதை விட்டாள்.

அவள் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓட்டக் கற்றவள். மேட்டில் நிறுத்தி எடுக்கும் சோதனையில் தோற்று, அழுது, மறுபடி போய்த் தேறினாள். கிள்ளானில் இருந்த அவளுடைய அக்கா பக்கவாதத்தில் படுத்த பிறகு, வியாழன்தோறும் எங்கள் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவளே ஓட்டிக்கொண்டு போவாள். அக்காவுக்குத் தலைக்கு ஊற்றி, வீட்டிலிருந்து வைத்துக்கொண்டு போன மீன் குழம்பைக் கொடுத்து, பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, அக்கா மகன் வேலை முடிந்து வந்ததும் திரும்புவாள். அக்காவுக்கு அந்த வாரத்தில் இருந்த ஒரே நல்ல நாள் அது.

எங்கள் காரின் விசிறி மோட்டார் ஒருநாள் நின்றுபோனது. புதியது வாங்க எனக்கு மனமில்லை. கப்பார் சாலைப் பக்கம் ஹாஃப்கட் கடைகள் உண்டு. ஜப்பானில் ஓடிய கார்களைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து, பாகம் பாகமாகக் கழற்றி விற்பார்கள். அங்கிருந்து ஒரு மோட்டாரை வாங்கி வந்து நானே மாட்டினேன். அதன் ப்ளக் எங்கள் காரின் ப்ளக்கோடு பொருந்தவில்லை. அதை வெட்டிவிட்டுக் கறுப்பு வயரோடு கறுப்பையும், மற்றதோடு மற்றதையும் முறுக்கி டேப் சுற்றினேன். ஏர்கானைப் போட்டேன். விசிறி சுற்றியது. கையைக் கழுவிக்கொண்டேன்.

நான் காய்கறி வாங்கப் பக்கத்துப் பாசாருக்கும் தேவாலயத்துக்கும் மட்டும்தான் ஓட்டுவேன், அதுவும் ஏர்கான் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு. என் கையில் கார் ஒருநாளும் தகராறு செய்யவில்லை. அவள் கண்ணாடியை ஏற்றி ஏர்கானைப் போட்டுக்கொண்டு போகிறவள். ஒரு வியாழன் மதியம் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கார் கொதித்து நின்றது. அவள் போன் செய்ததும் இழுவை லோரிக்காரரைப் பிடித்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். மேம்பாலத்து நிழலில் குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னா அங்கிள், தண்ணி இல்லையா?” என்று லோரிக்காரர் பானெட்டைத் திறந்தபடி கேட்டார்.

“தண்ணியெல்லாம் காலையில நான்தான் பாத்தேன். இவங்க பாட்டு போட்டுட்டு ஓட்டுவாங்க. சூடு காட்டுற ஊசிய எங்க பாக்குறாங்க?”

அவர் சிரித்தார். “ஆன்டி, காடிக்குக் காய்ச்சல் வந்தா மீட்டர்தான்லா சொல்லும்!”

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னாள்: “ஊசி ஏறுறத பாத்துதான் ஓரம் கட்டினேன். எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே எறங்கி முன்னால போய் நின்னேன். அந்த கிரில்லிலருந்து காலு மேல அனலா காத்து அடிக்குதுங்க.”

“கொதிச்ச காடி பின்ன குளுகுளுன்னா அடிக்கும்?” என்றேன். லோரிக்காரர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

கார் ஆறிய பிறகு, எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானைப் போட்டேன். விசிறி சுற்றியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தியா? ஃபேன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. ஜேம்ல மாட்டினா ஊசி மேல ஒரு கண்ணு வேணும்.”

அவள் சாவியைக் குளிர்பெட்டி மேல் வைத்தாள். அடுத்த வியாழன் கொமியூட்டர் ரயிலில் போனாள். அவளுக்கு மூட்டு வலி உண்டு. ஸ்டேஷன் படிகளில் சட்டியோடு ஏறி இறங்க முடியவில்லை. குழம்பு நின்றது. பிறகு வாரம் விட்டு வாரம் ஆயிற்று. அதற்கும் பிறகு, முடிந்தபோது என்றாயிற்று. அக்கா தொலைபேசியில் குழறிக் குழறி, “வரலயா?” என்று கேட்பது எனக்கும் கேட்கும்.

மழைக்காலம் வந்தது. சுங்கை பூலோவில் ஒரு கல்யாணத்துக்கு நான் தனியாகப் போனேன். மழையில் கண்ணாடியை இறக்க முடியாமல் ஏர்கானைப் போட்டேன். நெரிசலில் ஊசி ஏறியது, என் கண்ணெதிரே, நான் பாட்டு எதுவும் கேட்காமல் இருக்கும்போதே.

மறுநாள் காலை அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் காரின் முன்னால் நின்றுகொண்டேன். அந்த வியாழனுக்குப் பிறகு அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்தது அன்றுதான்.

“ஊசி எங்க இருக்கு?”

“பாதியில.”

“இப்ப?”

“பாதிக்கு மேல. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பாட்டு போடல.”

விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க, நாளிதழை விரித்து மண்டியிட்டேன். அதில் ஒரு தாள் எழும்பி என் முகத்தில் அடித்தது. நிறுத்துமிடத்தில் காற்றே இல்லை. அந்தத் தாளை கிரில்லின் மேல் வைத்துப் பிடித்தேன். விசிறி முன்பக்கத்துக் காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்க வேண்டும். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கையை எடுத்ததும் அது என் பக்கமாகப் பறந்தது. அனல் முகத்தில் வீசியது. அவள் சொன்ன அனல்.

ஹாஃப்கட் மோட்டாரில் கறுப்பு வயர் எர்த் அல்ல. நான் இரண்டையும் மாற்றி இணைத்திருந்தேன். விசிறி தலைகீழாகச் சுற்றி, எஞ்சினின் சூட்டையே முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. ஏர்கான் ஓடும் நேரமெல்லாம் விசிறியும் ஓடும். ஆகையால் அவள் ஓட்டியபோது கொதித்தது. ஏர்கான் போடாமல் கிட்டத்தில் போய்வரும் நான் ஓட்டியபோது விசிறி ஓடவுமில்லை, கார் கொதிக்கவுமில்லை. வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான்.

“என்னாங்க, கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“வயரு லூசு,” என்றேன்.

“அன்னிக்கும் அதானா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகம் கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு ஆவலாக இருந்தது என்பதையும் பார்த்தேன். “இருக்கலாம். ஆனா நீ இன்னும் கொஞ்சம் முந்தி ஊசிய பாத்திருந்தா…” என்று இழுத்தேன்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். சாவியை என் கையில் வைத்துவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தாள். நான் வயர்களை மாற்றி முறுக்கினேன். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டது. காரைச் சரிசெய்துவிட்ட திருப்திகூட எனக்கு இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

சில வாரங்கள் கழித்து, அக்கா மகனுக்கு ஜொகூர் பாருவுக்கு வேலை மாற்றல் வந்தது. தாயையும் அழைத்துக்கொண்டு போனான். அதன் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் வயரின் நிறம் முதல் தாள் பறந்தது வரை சொன்னேன். தப்பு முழுவதும் என்னுடையது என்றும் சொன்னேன்.

“அனலா காத்து அடிக்குதுன்னு சொன்னேன்ல?”

“சொன்ன. நான் காதுல வாங்கல.”

“உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

அதற்கு ஒரு பொய் தயாராக இருந்தது. சொல்லவில்லை. “நீ சீட்ல உக்காந்து ஊசிய பாத்து சொன்னியே, அன்னிக்கு.”

அவள் கை நின்றது. “அப்ப அக்கா கிள்ளான்லதான் இருந்தா,” என்றாள்.

ஜொகூருக்குக் காரிலேயே போகலாம், பாதி வழி நீ ஓட்டு என்றேன். “நான் பஸ்ல போய்க்கிறேன்,” என்று சொல்லிவிட்டு மறுபடி நெத்திலியின் தலையைக் கிள்ளத் தொடங்கினாள்.

அந்த ஆண்டு எங்கள் இருவரின் லைசன்ஸுகளும் ஒன்றாகவே காலாவதியாயின. அதைப் புதுப்பிக்கத் தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது அவளுடைய லைசன்ஸையும் கேட்டேன்.

“எனக்கு எதுக்குங்க? உங்களது மட்டும் எடுத்துட்டு வாங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கெஞ்சியாவது பார்த்திருப்பேன். என்னுடையதை மட்டும் புதுப்பித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.