பீரோ போன கல்யாணம்

எங்கள் அப்பா ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டில் சமையல்காரர். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் அந்த மதாம் கப்பலேறியபோது, வீட்டுச் சாமான்களை அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். குருசுக்குப்பத்தில் எங்களுக்கு இருந்ததோ ஒரே அறை. பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை, இரண்டு சோபா, கூரையைத் தொடும் பீரோ எல்லாம் அதற்குள் வந்து இறங்கின.

மேசைமேல் சாப்பிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் மேசைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அங்கேயே படுத்தோம். எனக்கு அது அரண்மனை. சோபாவில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. இத்தனையையும் ஒருவர் சும்மா கொடுப்பார் என்று அப்பாவால் நம்ப முடியவில்லை. மதாம் என்றைக்காவது வந்து கேட்பார் என்றே இருந்தார்.

இருந்த ஒரே ஜன்னலைப் பீரோ அடைத்துக்கொண்டது. தூசி தட்டித் தட்டி அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. கஷாயம், மாத்திரை, மந்திரித்த கயிறு எல்லாம் ஆயிற்று. "ஜன்னல மட்டுமாவது வுடுங்க" என்று அம்மா கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அம்மா மூச்சுக்குத் திணறும்போது எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் பீரோவின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மூலக்குளத்திலிருந்து ஒருநாள் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. அக்கா மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் வெகு பவ்யமாக, "பக்கத்து வூட்ல கல்யாணம் மாமா. மாப்ள வூட்டாருக்கு நம்ம சாமானப் போட்டா ஊரே பேசும். முடிஞ்சதும் கொண்டாந்துடறேன்" என்றார். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணத்தன்று விடியற்காலையில் எல்லாவற்றையும் தாமே துடைத்து மாட்டுவண்டியில் ஏற்றினார்.

கல்யாணத்துக்கு அப்பாவும் நானும்தான் போனோம். அப்பா சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பூந்தி தின்றேன்.

மத்தியானம் திரும்பி வந்தால், ஜன்னல் திறந்திருந்தது. வீடு முழுக்கக் கடல்காற்று. நடுவீட்டில் அம்மா கைகாலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த இழுப்புச் சத்தம் இல்லை. அப்பா வாசலிலேயே வெகுநேரம் நின்று பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து மாமா சாமான்களோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா தெருவுக்கே போய் மறித்தார்.

"கல்யாணம் இன்னும் முடியல மச்சான். திருப்பி ஓட்டிக்கினு போ."

"முடிஞ்சிடுச்சுப்பா. நான் பூந்திகூடத் தின்னேனே" என்றேன்.

அம்மா சிரித்தாள். அவ்வளவு நீளமான சிரிப்பில் நடுவே ஓர் இருமல்கூட வரவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. பொய் சொன்னால் என் காதைத் திருகும் அப்பா நட்டநடுத் தெருவில் பொய் சொல்கிறாரே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.