ட்ரூடியின் பதினான்காவது மரம்

ரஷ்வொர்த் ஊரில் யாரைக் கேட்டாலும், வெட்டாமலே மரத்தை நிறுக்கிறவள் என்று ட்ரூடி ஹாலகன் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். முதல் சிரிப்பு அவளுடைய சொந்த அண்ணன் லைலுடையதாக இருந்திருக்கும்.

இருபது வருடம் அண்ணனும் தங்கையும் சேர்ந்து விறகு வெட்டியவர்கள்; முதலாளி லைல்தான். அயர்ன்பார்க் லேசுப்பட்ட மரமில்லை, ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். நாற்பத்து மூன்று வயதில் அது ட்ரூடியின் தோள்பட்டையையும் தின்றது. வீட்டில் முடங்கிக் கிடந்தவளைத் தேடி வந்தது மெல்பர்னிலிருந்து இமோஜென் கொண்டுவந்த லேசர் கருவி. பல்கலைக்கழகத்துக்காரியான இமோஜெனுக்குக் காடு தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

முக்காலியில் ஏறிச் சுழன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளியை நாலாபக்கமும் வீசும் கருவி அது. ஒளி பட்டுத் திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளி. மரத்தைச் சுற்றி எட்டு இடங்களில் வைத்து அளந்தால், கோடிப் புள்ளிகளில் முழு மரமும் சுள்ளி விடாமல் கணினியில் எழுந்து நிற்கும். அதன் பருமனிலிருந்து எடையைக் கணக்கிடலாம். ட்ரூடி ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். இலை அசைந்தால் முக்காலியைத் தொடமாட்டாள். காற்று அடங்க மூன்று நாள் காத்திருந்ததும் உண்டு.

"என் தங்கச்சி இப்பக் காத்த நிறுத்து விக்கிறா," என்று மதுக்கடையில் லைல் ஊரைச் சிரிக்கவைத்தான்.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஓர் ஏற்பாடு. பதினான்கு மரங்களை முதலில் அளப்பது, பிறகு வெட்டித் தராசில் தூக்குவது. எல்லாமே நூற்றுக்குப் பத்துக்குள் ஒத்துவந்தால் வெட்டு அத்தோடு சரி. ஒன்று தவறினாலும் இன்னும் எட்டு மரம் விழும். அந்த எட்டில் ஓடைக்கரைக் கிழமரமும் ஒன்று. தங்கம் தோண்ட வந்தவர்கள் காட்டையே மொட்டையடித்தபோது தப்பிய மரம். ஆயிரம் மரம் வெட்டிய ட்ரூடிக்கு அதை மட்டும் விழவிட மனமில்லை. வெட்டும் வேலை லைலுக்கு.

பதின்மூன்று மரங்கள் ஒத்துவந்தன. பதினான்காவதற்குக் கணினி சொன்னது ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு கிலோ. தராசு சொன்னது ஆயிரத்து இருநூற்று அறுபது. நூற்றுக்குப் பதின்மூன்று தவறு.

"நான்தான் சொன்னேன்ல? மரத்த எடை போடணும்னா வெட்டணும், ட்ரூட்," என்றான் லைல்.

ட்ரூடி வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து, கணினியில் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருந்தது. வெட்டிய அடிக்கட்டையைப் போய்த் தடவினாள். அங்கே முண்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. திரும்பி வந்து படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு முழங்கால், ஒரு தொந்தி, கையில் ஒரு கோப்பை.

கருவி சுழலும்போது அளக்கிறவர் அதன் கண்ணில் படக்கூடாது. பட்டால் அவரும் புள்ளியாகிவிடுவார். அதனால் ட்ரூடி தள்ளிக் கிடக்கும் ஏதாவதொரு கட்டைக்குப் பின்னால் குனிந்து ஒளிந்திருப்பாள். யாரும் தாண்டக்கூடாது என்று கட்டிய கயிற்றைத் தாண்டி எவன் வந்தான் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

"லைல், இங்க வா. இது யாரு?"

"யாரா வேணா இருக்கலாம்."

"சுண்டு விரல நீட்டிக்கிட்டு டீ குடிக்கிறவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், லைலின் தொந்தியைப் புள்ளிகளில் மறைக்க முடியாது. ஆனால் இமோஜென் மறுத்துத் தலையாட்டினாள்.

"பாத்தா ஆள் மாதிரிதான் இருக்கு. ஆனா அவரே ஒத்துக்காம நான் புள்ளிய அழிக்க முடியாது, ட்ரூடி. அழிச்சா நம்ம கணக்க எவன் நம்புவான்?"

ட்ரூடி கெஞ்சவில்லை. ஒத்துக்கொண்டால் எட்டு மர வேலை போகும் என்று லைலுக்கும் தெரியும். அவன் படத்தையே பார்த்தான். அதில் அவனுடைய சுண்டு விரல் அச்சு அசலாக நீட்டிக்கொண்டிருந்தது.

"எழுதிக்குங்க. நான்தான். நெழலு நல்லாருந்துச்சு, போயி சாஞ்சேன்," என்றான்.

இமோஜென் எழுதினாள், லைல் கையெழுத்துப் போட்டான். அவனை மரத்திலிருந்து நீக்கியதும் கணக்கு ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்றில் வந்து நின்றது. பத்து எங்கே, மூன்றைக்கூடத் தொடவில்லை. ஓடைக்கரை மரம் பிழைத்தது.

"அப்ப என் எடை எவ்வளவாம்?"

"நூத்தி முப்பத்தேழு கிலோ. நீ அயர்ன்பார்க் கட்டையா இருந்தா."

அன்று சாயங்காலம் மதுக்கடையில் எவனோ வழக்கம்போல, "என்ன ட்ரூட், இன்னிக்குக் காத்து எத்தன கிலோ?" என்று ஆரம்பித்தான்.

லைல் பீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினான். "வாய மூடுடா. தராசு சொன்னதும் அவ சொன்னதும் ஒண்ணு. என் தங்கச்சிகிட்ட நான் இருபது வருசம் வேல பாத்திருக்கேன்."

அவள்தான் அவனிடம் வேலை பார்த்தாள். ட்ரூடி திருத்தவில்லை.