ரோசலின் எடுத்த படங்கள்

திண்டிவனத்திலிருந்து தந்தி வந்தபோது நான் சென்னையில் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ரோசலின் அக்கா காமாலையில் போய்விட்டார். அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய நல்ல குணங்களை நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய கோபத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்தோம். அக்காவின் பெற்றோர் திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் கூலிகள். அந்தச் செடியின் இலையைச் சுருட்டிவிடும் வைரஸின் வடிவத்தைக் கண்டறிவதே அக்காவின் ஆய்வு. நோய் கண்ட இலைகளை ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவருவார். மூன்று வருடம் அரைத்து, வடித்து, சுத்தம் செய்து, கடைசியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தார். மெல்லிய குச்சிகளைப் போல் வைரஸ் தெரிந்த அன்று, "எங்கம்மாவுக்குக் காட்டணும் ஜெயா" என்றார்.

வழிகாட்டி அந்தப் படங்களை வைத்துத் தன் பெயரிலும் தன் மருமகன் பெயரிலும் கட்டுரை எழுதினார். அக்கா கேட்டதற்கு, கூலிக்காரன் வீட்டுப் பெண்ணை உள்ளே விட்டதே பெரிது என்றார்.

வழிகாட்டி எடுத்துக்கொண்டவை அக்கா ஆரம்பத்தில் எடுத்த படங்கள். நுண்ணோக்கி உருப்பெருக்கத்தைத் தவறாகக் காட்டுகிறது என்பதை அக்கா பிறகுதான் கண்டுபிடித்தார். அளவு தெரிந்த நுண்மணிகளை வைரஸோடு சேர்த்துப் படமெடுத்து, கணக்கைத் திருத்தி நோட்டில் எழுதியிருந்தார். அதை வழிகாட்டி படிக்கவில்லை. கட்டுரையில் வைரஸின் நீளம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. வழிகாட்டியிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

"அச்சுல வரட்டும். நான் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றார் அக்கா.

வந்தது. அக்கா பட்டத்தை விட்டுவிட்டு விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். மறு வருடம் வழிகாட்டி அங்கே உரையாற்ற வந்தார். பேச்சு முடிந்ததும் அக்கா எழுந்து, உருப்பெருக்கத்தை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று பணிவாகக் கேட்டார். அவர் மழுப்பினார். அக்கா நுண்மணிகளோடு எடுத்த கண்ணாடி நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு அளவாக வாசித்தார்.

கட்டுரையை வழிகாட்டி திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சரியான அளவு அக்காவின் பெயரில் மட்டும் வெளிவந்தது. வழிகாட்டி காத்திருந்த துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

சமாதானம் பேச என்னை அனுப்பினார். நானும் வெட்கமில்லாமல் போனேன். அக்கா காபி கொடுத்துவிட்டு, "மூணு வருஷத்தைத் திருப்பித் தரச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

இப்போது விழுப்புரத்தில் நான் ஏற்பாடு செய்திருக்கும் இரங்கல் கூட்டத்தில், 'என் மாணவி' என்று பேச அனுமதி கேட்டு வழிகாட்டி எனக்கு எழுதியிருக்கிறார். வரச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் நாற்காலி உண்டு, மேடை கிடையாது. என் ஆய்வேட்டில் அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் இதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பேன். அக்காவின் மற்ற பொருள்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கோபம் எனக்கு வேண்டும். அதை நான் ஆறவிட மாட்டேன்.